டயருக்கு ஒன்றும் ஆகவில்லை

அண்ணன்: நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெறப் போவதில்லை, தம்பி. 6,000 கிலோமீட்டர் ஓடிவிட்ட இந்த டயர் இன்றுவரை ஒரு முறைகூடப் பஞ்சரானதில்லை.

தம்பி: அண்ணே, இதை நீங்கள் பினாங்கின் தித்தி கெராவாங் வளைவில், சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பையிலிருந்து எடுத்த டியூபைக் கையில் பிடித்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

அண்ணன்: பஞ்சரானது டியூப். நான் பேசுவது டயரைப் பற்றி.

தம்பி: அந்த டியூப் டயருக்கு வெளியிலா இருந்தது?

அண்ணன்: உள்ளேதான் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் இருப்பவருக்குக் காய்ச்சல் வந்தால், வீட்டுக்குக் காய்ச்சல் என்று யாரும் சொல்வதில்லை.

தம்பி: கூரை ஒழுகி, நனைந்து வந்த காய்ச்சலாக இருந்தால் வீட்டைத்தான் சொல்வார்கள்.

அண்ணன்: 250 வெள்ளி கொடுத்து வாங்கிய டயரை இப்படி வாய்க்கு வந்தபடி பேசாதே.

தம்பி: டயரை நான் ஒன்றும் சொல்லவில்லை, அண்ணே. போன தீபாவளிக்குப் பிறகு இதற்குள் போன என் டியூபுகளைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். இது நான்காவது. ஒன்று 20 வெள்ளி வீதம் 80 வெள்ளி ஆகிறது. உங்கள் டயரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்போது எனக்குச் சொந்தம்.

அண்ணன்: ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது. முதலாவது, தைப்பூசத்துக்கு மறுநாள் தண்ணீர்மலைச் சாலையில் கிடந்த தேங்காய்ச் சில்லு. அது முருகன் வைத்த சோதனை. அதைப் பஞ்சர் கணக்கில் சேர்ப்பது பாவம்.

தம்பி: சோதனை உங்களுக்கு, தேங்காய் முருகனுக்கு, டியூப் மட்டும் என்னுடையது.

அண்ணன்: இரண்டாவது, பாயான் லெப்பாஸ் பக்கம் அந்தக் குழியில் இறங்கியது. டியூபில் அருகருகே இரண்டு ஓட்டைகள் இருந்தன. நீ அதைப் பார்த்துவிட்டுப் பாம்புக்கடி என்று சொன்னாய்; நான் அன்றிரவு படுக்கும்வரை என் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தம்பி: காற்று குறைந்திருக்கும்போது குழியின் விளிம்பில் சக்கரம் மோதினால், டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நசுங்கி, இரண்டு பற்கள் பதிந்ததுபோல் ஓட்டை விழும்; சைக்கிள் ஓட்டுபவர்கள் அதைத்தான் பாம்புக்கடி என்கிறார்கள். டயருக்குள் வைத்து நெய்த கவசப் பட்டை வெளியிலிருந்து குத்த வருவதைத்தான் தடுக்கும். காற்றில்லாமல் ஓட்டுவதை அது எப்படித் தடுக்கும்? நீங்கள் காற்றழுத்தம் பார்த்து எத்தனை நாள் ஆகியிருந்தது?

அண்ணன்: நன்றாக உழைக்கிற டயருக்கு எதற்குக் காற்றழுத்தம் பார்க்க வேண்டும்?

தம்பி: நன்றாக உழைக்கிற மனிதனுக்கு எதற்குச் சோறு போட வேண்டும் என்று கேட்பதுபோல் இருக்கிறது.

அண்ணன்: விடு. புது டியூபைக் கொடு, மாட்டிவிட்டுப் புறப்படுவோம். பாலிக் பூலாவில் எல்லோரும் அசாம் லக்சா சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள்.

தம்பி: கொஞ்சம் பொறுங்கள். டயரின் உட்புறத்தில் விரலை வைத்து ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள்.

அண்ணன்: எதற்கு?

தம்பி: போன ஞாயிற்றுக்கிழமை ஓட்டை விழுந்த டியூபை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டுப் போட்டேன். அதில் ஓட்டை, வால்வுக்கு வலப்புறம் ஒரு சாண் தள்ளி இருந்தது. இன்றைய டியூபிலும் பாருங்கள், அதே வலப்புறம், அதே ஒரு சாண். டயரில் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி நான் மாட்டிக் கொடுத்தேன் அல்லவா? டியூபில் ஓட்டை எங்கே இருக்கிறதோ, டயரில் அதற்கு நேரான இடத்தைத் தேடிப் பிடிப்பதற்காகத்தான் அப்படி மாட்டுவது.

அண்ணன்: புகைப்படத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக என்று நினைத்தேன்.

தம்பி: இதோ, இங்கே தொட்டுப் பாருங்கள். மெதுவாக.

அண்ணன்: ஐயோ!

தம்பி: அதுதான். சேமியா இழையில் பாதிகூட இல்லை. ஒரு முனை துருப்பிடித்திருக்கிறது, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த முனை மட்டும் டியூபில் உரசி உரசிப் பளபளவென்று ஆகியிருக்கிறது. லாரி டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பின்னலில் ஓர் இழை இது. எங்கோ ஒரு லாரி டயர் வெடித்துச் சிதறியதில் சாலையோரம் விழுந்து கிடந்து உங்கள் டயரில் ஏறியிருக்கிறது.

அண்ணன்: அப்படியானால் என் டயரைக் குத்தியது இன்னொரு டயரா? கோடரிக்காம்பு என்பது இதுதான்.

தம்பி: கோடரிக்காம்பு போன வாரமே உள்ளே வந்துவிட்டது, அண்ணே. அன்றைக்கே தடவிப் பாருங்கள் என்று சொன்னேன். இந்த டயரில் அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லி, கம்பியை உள்ளேயே வைத்துக்கொண்டு என் புது டியூபை அதன்மேல் படுக்கவைத்தீர்கள்.

அண்ணன்: கம்பியோடு ஒரு வாரம் ஓடியிருக்கிறது, பார்த்தாயா? வேறு டயராக இருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.

(இதை எழுதுபவன் நடுநிலையாளன் அல்லன். ஞாயிற்றுக்கிழமை கூட்டங்களில் டியூப் கேட்டு நீளும் கைகளை நானும் பார்த்திருக்கிறேன். கேட்கிற கை எப்போதும் சுத்தமாக இருக்கும். கொடுக்கிற கைதான் சங்கிலி எண்ணெயில் கறுக்கும்.)

அண்ணன்: இந்த டயரின் அருமை உனக்குத் தெரியவில்லை. நடுவில், ஊசி முனையால் தொட்டு வைத்ததுபோல் இரண்டு சிறு குழிகள் இருந்தன. வாங்கி வந்த அன்று பார்த்துவிட்டுப் பயந்துபோனேன். ஓட்டை டயரைத் தலையில் கட்டிவிட்டார்களோ என்று அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. இப்போது பார், இரண்டும் தாமாகவே மூடிக்கொண்டுவிட்டன. தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் டயரை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா?

தம்பி: அண்ணே, அவை ஆறவில்லை.

அண்ணன்: கண்ணுக்குத் தெரிகிறதா, சொல்.

தம்பி: தெரியவில்லை, அதுதான் சிக்கல். தேய்மானத்தைக் காட்டுவதற்காகவே டயரைச் செய்யும்போது வைக்கும் குழிகள் அவை. சுற்றியுள்ள ரப்பர் குழியின் அடிமட்டம்வரை தேய்ந்து இறங்கும்போது குழி மறைந்துவிடும். மறைந்தால் டயரை மாற்ற வேண்டும் என்று பொருள். கிணறு தானாக மூடிக்கொண்டது என்று நீங்கள் மகிழ்கிறீர்கள். உண்மையில் கிணற்றைச் சுற்றியிருந்த ஊரே கிணற்றின் அடிவரை இறங்கிவிட்டது.

அண்ணன்: முன் டயரையும் அன்றைக்கே மாட்டினேன். அதில் குழிகள் இன்னும் அப்படியே இருக்கின்றனவே?

தம்பி: உங்கள் எடையில் பெரும்பகுதி பின்சக்கரத்தின்மேல் விழுகிறது, மிதிக்கும் விசையும் அதன் வழியாகத்தான் சாலைக்குப் போகிறது. அதனால் பின்டயர் முதலில் தேயும். இதன் நடுப்பகுதி கார் டயர்போல் தட்டையாகவே ஆகிவிட்டது.

அண்ணன்: அப்படியானால் முன் டயர் ஆறுவதற்கு இன்னும் நாள் பிடிக்கும் என்கிறாய்.

தம்பி: ...

அண்ணன்: ரப்பரைப் பற்றி நீ எனக்குப் பாடம் நடத்தாதே. சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என் பாட்டி. 1877-ஆம் ஆண்டு கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. போய்ப் பார்த்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன். இது நம்முடைய ரத்தத்தில் ஊறிய பொருள்.

தம்பி: என் பாட்டியும் பால் வெட்டியவர்தான். விடியும் முன்பே எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரத்தில் கட்டிய மங்குகளில் வடிந்ததைச் சேர்த்து, தோள்கம்பில் தொங்கும் காண்டா வாளியில் தூக்கிக்கொண்டு வருவார். பாலை நிறுத்துப் பார்த்தார்கள், உறைந்துபோன ஒட்டுப்பாலையும் நிறுத்துப் பார்த்தார்கள். அவர் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்பதை மட்டும் ஒருவரும் எழுதி வைக்கவில்லை. தேய்மானம் காட்டும் குழி அவர் முழங்காலில் இருந்திருந்தால், எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே மறைந்திருக்கும்.

அண்ணன்: அந்தக் காலத்து மனிதர்களின் உழைப்பே வேறு.

தம்பி: ஆமாம், அண்ணே. ஆனால் அவர் பக்கத்து வீட்டில் வாளி இரவல் வாங்கிக்கொண்டு மரம் வெட்டப் போனதில்லை.

அண்ணன்: டியூபைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டால், டயரின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்று ஆகிவிடாதா?

தம்பி: ஆயுள் காப்புறுதி எடுத்திருக்கிறீர்களா?

அண்ணன்: 2 எடுத்திருக்கிறேன்.

தம்பி: அதற்காக உங்கள்மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று அண்ணி சொன்னாரா? உங்கள் டயருக்கும் காப்புறுதி இருக்கிறது; மாதா மாதம் சந்தா கட்டுபவன் மட்டும் நான்.

அண்ணன்: நீ வேலைக்குப் போகிற சைக்கிளில் ஷ்வால்பே மராத்தான் பிளஸ் டயர் போட்டிருக்கிறாய். அதில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தனியாக ஒரு ரப்பர் அடுக்கு இருக்கிறது, பஞ்சரே ஆகாது என்று நீயே பெருமையாகச் சொன்னாய்.

தம்பி: ஆனதில்லை என்று சொன்னேன்; ஆகாது என்று சொல்லவில்லை. அந்த 5 மில்லிமீட்டருக்கு விலை எடைதான். ஆயர் ஈத்தாம் மேட்டில் அம்மிக்கல்லை இழுத்துக்கொண்டு ஏறுவதுபோல் இருக்கும். ஆனாலும் வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகப் பொறுத்துக்கொள்கிறேன். அந்த டயரை ஓட்டும்போதும் என் பையில் இரண்டு டியூப் இருக்கிறது.

அண்ணன்: இரண்டா? அப்படியானால் ஒன்று எப்போதும் மிச்சம்தானே?

தம்பி: பஞ்சரே ஆகாத டயர் வேண்டும் என்றால் 1888-க்கு முன்னால் போக வேண்டும், அண்ணே. டன்லப் என்பவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் செய்து பார்த்து, அந்த ஆண்டில் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு சைக்கிளில் இருந்தது கெட்டி ரப்பர். பஞ்சர் இல்லை, டியூப் இல்லை, இரவலும் இல்லை. இடுப்பு மட்டும் கழன்றுவிடும்.

அண்ணன்: இன்றைக்கு மழை பெய்யாமல் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

தம்பி: இப்போதுதான் ஒரு சரியான வார்த்தை சொன்னீர்கள். ஈரத்தில் கண்ணாடிச் சில்லு டயரில் ஒட்டிக்கொள்ளும்; தண்ணீர் எண்ணெய்போல் வழுக்கிக் கொடுப்பதால் ரப்பருக்குள் சுலபமாக இறங்கும். ஆனால் அந்தச் சில்லு எங்கே கிடக்கிறது என்று யோசித்தீர்களா? கார்களும் லாரிகளும் ஓடி ஓடி, சாலை நடுவில் கிடந்த கண்ணாடி, ஆணி, கம்பி எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடுகின்றன. பிறகு அதே கார்க்காரர், ஓரமாகப் போ என்று நம்மைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார். சாலையின் குப்பைத்தொட்டிக்குள் ஓட்டிக்கொண்டு, எந்த டயர் அதிக நாள் தாங்கும் என்று வாராவாரம் நாம் நமக்குள் விவாதிக்கிறோமே தவிர, இதைக் கூட்டிப் பெருக்க வேண்டியவர் யார் என்று ஒரு வாரமாவது கேட்டிருக்கிறோமா?

அண்ணன்: நீ கேள், தம்பி. நான் உன் பின்னால் நிற்கிறேன்.

தம்பி: பின்னால் நிற்பது உங்களுக்குப் பழக்கம்தான். சக்கரத்தைக் கொடுங்கள்.

அண்ணன்: விளிம்பு இறுக்கமாக இருக்கிறது, கட்டைவிரல் வலிக்கிறது. உறுதியான டயர் என்றால் இப்படித்தான், நீயே மாட்டிவிடு. பம்பையும் நீயே எடு. என் சட்டைப்பையில் பம்பு வைத்தால் முதுகில் குத்துகிறது.

தம்பி: (மாட்டிக்கொண்டே) உங்கள் சட்டைப்பையில் அப்படி என்னதான் இருக்கிறது?

அண்ணன்: நேற்று வாங்கிய பேரீச்சம்பழம். நீ இரண்டு எடுத்துக்கொள். என்னைக் கஞ்சன் என்று நினைக்காதே.

(அண்ணனின் கைப்பேசி ஒலிக்கிறது.)

அண்ணன்: ஆமாம், தித்தி கெராவாங்கில்தான் நிற்கிறோம். எங்கள் இரண்டு பேருக்கும் லக்சா சொல்லி வையுங்கள்... எனக்கா? எனக்கு ஒன்றும் ஆகவில்லை, என் டயர் கல்போல் இருக்கிறது. தம்பியின் டியூப்தான் பஞ்சராகிவிட்டது. தனியாக விட்டுவிட்டு வர மனம் வரவில்லை; கூட நிற்கிறேன்.