சந்திரனும் இல்லை, சனியும் இல்லை, அது வெறும் மீதி

சனிக்கிழமை நாகர்கோவில் கண்காட்சியில் ஒரு சின்னப் பிள்ளை சார்ட்டில் எழுதியிருந்த எண்ணுக்கு, சிறப்பு விருந்தினர் மேடையில் எண் ஜோதிடம் சொன்னதை எல்லாரும் வீடியோவில் பார்த்தாயிற்று. "சிரிப்புக்குத்தானே சொன்னாரு, விடுங்க அண்ணே" என்று இன்பாக்ஸில் வந்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

அந்தப் பிள்ளை சார்ட்டில் எழுதியிருந்த எண் 73939133. ஏழு கோடியே சொச்சம். இது பகா எண், அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும் எண். வலது ஓரத்து இலக்கத்தை அழித்தால் 7393913, அதுவும் பகா எண். 739391, 73939, 7393, 739, 73, 7 என்று அழித்துக்கொண்டே போங்கள், எல்லாமே பகா எண்கள். இந்தக் குணம் உள்ள எண்கள் மொத்தமே 83தான். அதில் ஆகப் பெரியது இது. இது பகா எண்தானா என்று கையால் வகுத்துப் பார்க்க நினைத்தால் அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 8598 வரையுள்ள பகா எண்கள் அத்தனையாலும் வகுக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேலே வரும்.

சிறப்பு விருந்தினர் என்ன செய்தார்? மைக்கை வாங்கி, கூட்டி, 38, அப்புறம் 11, அப்புறம் 2. "சந்திரன் எண்ணும்மா, மனசு அலைபாயும், வேற எண் எடுத்திருக்கலாம்." கைதட்டல் வேறு!

ஐயா, இலக்கங்களைக் கூட்டிச் சுருக்கினால் கிடைப்பது 9-ஆல் வகுத்தால் வரும் மீதி (9 கிடைத்தால் மீதி 0). 10, 100, 1000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1 என்பதால் அப்படி. சந்திரன் அங்கே எங்கே வந்தார்?

எங்க அப்பா தக்கலையில் ரப்பர் ஷீட் கடையில் கணக்கு எழுதினவர். எடையையும் விலையையும் பெருக்கி முடித்ததும் இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பார். எடையின் மீதியையும் விலையின் மீதியையும் பெருக்கிச் சுருக்கினால் விடையின் மீதி வர வேண்டும், வராவிட்டால் கணக்கு தப்பு. ஒத்து வந்தாலும் முழுசாக நம்ப மாட்டார். 54 என்பதை 45 என்று மாற்றி எழுதினால் இந்த முறை காட்டிக்கொடுக்காது என்று அவருக்குத் தெரியும். பத்தாவது தாண்டாத மனுஷன்.

அதே 38-ஐ வைத்து அந்த மேடையில் எவ்வளவு கேட்டிருக்கலாம்! கடைசியில் இன்னொரு இலக்கம் சேர்த்தால் ஏன் பகா எண் ஆகாது? இரட்டைப்படையும் 5-உம் தானாகவே கழிந்துவிடும். 1 சேர்த்தால் கூட்டல் 39, 7 சேர்த்தால் 45, இரண்டும் மூன்றால் வகுபடும், அதனால் அந்த எண்களும் வகுபடும். மிச்சம் 3-உம் 9-உம். அவையும் தேறாது, ஆனால் அதைக் கூட்டல் சொல்லாது, வகுத்துத்தான் பார்க்க வேண்டும். பிள்ளை இதையெல்லாம் சார்ட்டின் கீழே எழுதியிருந்தாள். யார் குனிந்து படித்தது?

"பெரியவரை இப்படிப் பேசலாமா?" சின்னவளை மட்டும் பேசலாமா?

"இந்த எண்ணால் யாருக்கு என்ன லாபம்?" ஒரு லாபமும் இல்லை. திற்பரப்பு அருவியைப் பார்த்துவிட்டு வந்து லாபமா கேட்கிறீர்கள்?

"நம்பிக்கை அவரவர் விருப்பம்." இதுதான் எனக்குத் தாங்காது. எங்க அக்கா 26-ம் தேதி பிறந்தவள். இரண்டும் ஆறும் எட்டு, எட்டு சனி எண், ஆகாது என்று ஒரு நல்ல சம்பந்தம் கைவிட்டுப் போனது. அவர்கள் விருப்பம்தான், அழுதது எங்க அக்கா. 26-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 8, அதற்குமேல் அந்த எட்டில் ஒன்றும் கிடையாது என்று அன்றைக்கு அந்த வீட்டில் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மேடையில் மைக்கோடு நிற்பவருக்கு மட்டும் நன்றாக வருகிறது.

கமெண்டில் பிறந்த தேதியைப் போட்டு "எனக்கு என்ன எண்?" என்று கேட்பவர்களை நேரே பிளாக் செய்வேன்.