வளைகாப்பில் கேட்ட அந்தக் கேள்விக்கு

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு அல்சூரில் நடந்த என் சித்தி மகளின் வளைகாப்பைப் பற்றி இன்னும் எத்தனை பேருக்கு விளக்கம் சொல்லப் போகிறேனோ தெரியவில்லை. வந்தவர்கள் நேரில் பார்த்தீர்கள். வராதவர்களுக்கு வீடியோ வந்திருக்கும். "பெரியவங்க ஏதோ சொல்லிட்டாங்க, நீ சபையில எழுந்து அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று நேற்று மட்டும் ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள். சரி, குரல் உயர்ந்தது என் தப்புதான். ஆனால் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன்.

சித்தி மகளுக்கு வளையல் போட்டுக்கொண்டே மாப்பிள்ளை வீட்டு அத்தை கேட்டது இதுதான்: "விசா வந்தப்புறம் இதெல்லாம் வெச்சுக்கிட்டிருக்கலாமே, அப்படி என்ன அவசரம்?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கன்னத்தில் பூசியிருந்த சந்தனம் கண்ணீரில் கரைந்து வழிந்ததைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். வீடியோவில் அது தெரியாது.

விசா வந்தப்புறம் என்றால் எப்போது? அதை யாராவது சொல்லுங்கள். அவள் கணவர் கனடாவில் பி.ஆர்., அதாவது அங்கே நிரந்தரமாக வசிக்க அனுமதி பெற்றவர். அவளை அழைத்துக்கொள்ள ஸ்பான்சர் மனு போட்டு ஒன்பது மாதம் ஆகிறது. 12 மாதத்தில் முடிப்பது அங்கே அரசு வைத்திருக்கும் இலக்கு. இலக்கு என்றால் வாக்குறுதி அல்ல. என் கோப்புக்கு 16 மாதம் ஆனது. அவளுக்கு வயது 33. கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாத ஒரு விஷயத்துக்காக அவள் உடம்பு காத்திருக்க வேண்டுமா? கர்ப்பம் 40 வாரம். அந்த 40 வாரத்துக்கும் அவளுக்குக் கவனிப்பு இங்கே, இப்போது வேண்டும். நான் சபையில் சொன்னது இவ்வளவுதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் கணவரும் அப்போது கனடாவில்தான், 2017 டிசம்பரில் எங்கள் மனு போனது. ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்னதை நம்பி 2018 மார்ச்சில் வேலையை விட்டேன். அப்போது நான் இரண்டு மாதக் கர்ப்பம். வேலையோடு கம்பெனி காப்பீடும் போனது. 2017இல்தான் சட்டத்தைத் திருத்தி மகப்பேறு விடுப்பை 26 வாரமாக்கியிருந்தார்கள், சம்பளத்தோடு கூடிய அந்த 26 வாரமும் போனது. தனியாக ஒரு காப்பீடு எடுக்கலாம் என்று விசாரித்தால், பிரசவச் செலவுக்கு இரண்டு வருடம், மூன்று வருடம் காத்திருப்புக் காலம் என்றார்கள். அதனால் இதைப் படிக்கிற பெண்களே, விசா கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

பணம் போனதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், கணவருக்குப் பாசிட்டிவ். அப்படி இருந்தால் 28ஆவது வாரத்தில் ஆன்ட்டி-டி ஊசி போட வேண்டும். குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. தவறவிட்டால் அடுத்த குழந்தைக்கு ஆபத்து. நான் போய்க்கொண்டிருந்த மருத்துவமனையில் முதல் நாளே என் ஃபைலின் ஓரத்தில் "வெளிநாடு போகிறார்" என்று எழுதிவிட்டார்கள். அப்புறம் எதைக் கேட்டாலும் "அங்க போய் பாத்துக்குவாங்க" என்பதுதான் பதில். சர்க்கரைப் பரிசோதனை? அங்கே பார்த்துக்கொள்வார்கள். எங்கே பிரசவம் என்று பதிவு? நீங்கள்தான் போகப் போகிறீர்களே. எங்கே போனேன் நான்? அல்சூர் ஏரிக்கரையில் தினமும் சாயந்திரம் அம்மாவோடு நடந்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

29ஆவது வாரத்தில் கால் வீங்கி, காக்ஸ் டவுனில் ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனேன். பிரஷர் பார்த்த வயதான சிஸ்டர் என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "நெகட்டிவ்னு போட்டிருக்கே, ஊசி போட்டாச்சாம்மா?" என்றார். எனக்கு எந்த ஊசி என்றே தெரியவில்லை. அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்து, மறுநாள் காலையில் போட்டார்கள். அந்த சிஸ்டர் தாளைப் புரட்டாமல் இருந்திருந்தால்? இத்தனை வருடம் கழித்தும் சில ராத்திரி நினைத்துப் பார்க்கிறேன்.

போகப் போகிறவள் என்று பெயர் வைத்துவிட்டால், இங்கே இருக்கிறவளாக அவளை யாரும் பார்ப்பதில்லை. அத்தை சொன்னதும் அந்த ஃபைலில் எழுதியதும் எனக்கு ஒன்றுதான்.

இப்போது கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையே பாதி கேட்டாகிவிட்டது.

"டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே பெத்துக்கலாமே." அங்கே குடியேற மனு போட்டவர் தற்காலிகமாகப் போகவும் விண்ணப்பிக்கலாம் என்று கனடாவின் குடியேற்றச் சட்டத்திலேயே, 22(2)ஆம் பிரிவில் இருக்கிறது. இருந்தும் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை இல்லை என்று அதிகாரி மறுத்துவிடலாம், மறுக்கிறார்கள். கிடைத்துப் போனாலும் பார்வையாளருக்கு மாகாண மருத்துவக் காப்பீடு கிடையாது. பிரசவத்துக்கான மருத்துவமனைப் பில் முழுக்கக் கையிலிருந்து. ஒன்டாரியோ மாகாணத்தில் காப்பீடு இல்லாமல் வசிக்கும் பெண்களையும் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்கள் கட்டணம் இல்லாமல் பார்க்கிறார்கள், அது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் சிக்கல் வந்து ஆபரேஷன் என்றானால் அந்தச் செலவு வேறு. கடைசி நேரத்தில் கிளம்பவும் முடியாது. 28 வாரம் ஆனால் பல விமானங்களில் டாக்டர் சான்று கேட்பார்கள், 36ஐத் தாண்டினால் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள்.

"அப்ப அவர் வந்து கூட இருக்கட்டும்." பி.ஆர். ஆக இருப்பவர் கனடாவில் வசித்தால்தான் ஸ்பான்சர் செய்ய முடியும். வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால் மனுவே ஆடிப்போகும். லீவு போட்டு இரண்டு வாரம் வரலாம், அவ்வளவுதான். இது தெரியாமல் அந்தப் பையனை ஆளாளுக்குத் திட்டுகிறீர்கள்.

"மெடிக்கலை முடிச்சுட்டு அப்புறம் குழந்தை" என்று ஒரு அண்ணன் சொன்னார். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. மெடிக்கல் என்பது விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை, அதில் மார்பு எக்ஸ்ரே இருக்கிறது. கர்ப்பிணி அதைப் பிரசவம் முடியும்வரை தள்ளிப்போடலாம், தள்ளினால் கோப்பும் அதுவரை நிற்கும். நான் தள்ளினேன். அக்டோபரில் மகள் பிறந்து, டிசம்பரில் எக்ஸ்ரே எடுத்து, 2019 ஏப்ரலில்தான் விசா வந்தது. ஆறு மாதம் போனது. போகட்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

"கர்ப்பத்தை அவங்ககிட்ட சொல்லாதே, லேட் ஆகும்" என்று அன்றைக்கு எனக்கு யோசனை சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீர்கள். மனு நிலுவையில் இருக்கும்போது பிறக்கும் குழந்தையைக் கட்டாயம் தெரிவித்து மனுவில் சேர்க்க வேண்டும், குழந்தைக்கும் மெடிக்கல் உண்டு. மறைத்துவிட்டுப் போனால் பின்னால் அந்தக் குழந்தையையே ஸ்பான்சர் செய்ய முடியாமல் போகலாம்.

பிரசவத்தன்று என்ன நடந்தது தெரியுமா? ஆபரேஷன் என்று முடிவானதும் பாரத்தை நீட்டி "யஜமான்ரு எல்லம்மா?" (வீட்டுக்காரர் எங்கேம்மா?) என்று கன்னடத்தில் கேட்டார்கள். கணவர் கையெழுத்து வேண்டுமாம். இங்கே அதிகாலை 3.40, அங்கே முந்தைய நாள் சாயந்திரம் 6.10. போனில் அவர் "நான் சம்மதிக்கிறேன், நான் சம்மதிக்கிறேன்" என்று அழுதுகொண்டே சொல்கிறார், அதைக் கேட்க யாரும் இல்லை. கடைசியில் அம்மா கை நடுங்கப் போட்டார். அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், புத்தியோடு இருக்கிற வயது வந்த நோயாளியின் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008லேயே சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. என் கையெழுத்தே போதும். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவர் வந்து மகளைத் தூக்கியபோது அவளுக்கு இருபது நாள்.

இதையெல்லாம் எழுதும்போது அத்தை மேல் எனக்குக் கோபம்கூட இல்லை, வலிக்கிறது. கல்யாணமாகி மூன்றாவது மாதம் "விசேஷம் உண்டா?" என்று சித்தி மகளைக் கேட்டது இதே அத்தை. கோயிலில், கடையில், கிரகப்பிரவேசத்தில், பார்த்த இடத்திலெல்லாம் கேட்டார்கள். உண்டாகவில்லை என்றால் அவள் குறை. உண்டானால் அவசரம். இந்த வீடுகளில் ஒரு பெண் எந்தத் தேதியில் என்ன செய்தால் சரியாக இருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், தெரிந்துகொள்கிறேன்.

சித்தி மகளுக்கு இப்போது 29 வாரம். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் தாயி கார்டு வாங்கியாகிவிட்டது, எங்கே பிரசவம் என்றும் பதிவு செய்தாகிவிட்டது. பணம் நெருக்கடி என்றால், ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு, 2016லிருந்து நடக்கிறது. அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கும் ஆபரேஷனுக்கும் கட்டணம் இல்லை. கணவர் அங்கே, நீங்கள் இங்கே, கூட வர ஆள் இல்லை என்று இருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். அல்சூர், காக்ஸ் டவுன், சிவாஜிநகர் பக்கம் என்றால் நானே வருகிறேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவளுக்கு டாக்டர். அத்தையும் வரலாம். ஆட்டோவில் இடம் இருக்கிறது.