ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் எத்தனை நிமோனியா?

மருத்துவமனைகள் காப்பீட்டில் பணம் கேட்டு அனுப்பும் க்ளெய்ம் தரவை வைத்துக் குழந்தைகளின் இதய, நுரையீரல் சிகிச்சையை ஆராயலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அந்தத் தரவைக் கம்ப்யூட்டரில் தட்டியவர்களில் நானும் ஒருவன். சொந்த ஊர் பாலக்கோடு. சேலத்தில் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் நோயைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருப்பார். திரையில் ஒரு பட்டியல் விரியும். அதில் கிட்டத்தட்டப் பொருந்துகிற பேக்கேஜை, அதாவது தொகை குறித்த சிகிச்சை வகையை, தேர்வு செய்வோம். எது குவரி, அதாவது திருப்பிக் கேள்வி, வராமல் பாஸாகும் என்பது எங்களுக்கு மனப்பாடம். அமெரிக்காவிலேயே பில் தரவையும் அறுவை சிகிச்சைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பிறவி இதயநோய்க் கணக்கு ஒத்துப்போகவில்லை. அப்புறம் நாங்கள் எம்மாத்திரம்!

ஆனாலும் அதைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன். நோயின் பெயர் முன்னே பின்னே இருந்தாலும் வயது, தேதி, ஊர் மூன்றும் பெரும்பாலும் சரியாக இருக்கும். இதயக் கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை இருந்தால் பொதுவாக ஒரு வயதுக்குள் அடைத்துவிட வேண்டும். விட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் ஆபரேஷனே செய்ய முடியாது. ஆக, ஆபரேஷன் அன்று பிள்ளைக்கு என்ன வயது என்பதைத் தாலுகாவாரியாகப் போட்டாலே பாதி கதை தெரிந்துவிடும். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்றும் பிரிக்க வேண்டும். நெஞ்சில் தழும்பு விழுந்தால் பெண்ணை நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று தயங்கிய அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

சித்தேரி மலையிலிருந்து ஒரு பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பொறந்ததுல இருந்து பாப்பாவுக்கு நெஞ்சுச் சளிதான். அரூர்ல நாலு தடவ பெட்டுல சேத்தோம்" என்றார். பேத்திக்கும் இதயத்தில் ஓட்டைதான். அது வழியாக ரத்தம் அதிகமாக நுரையீரலுக்குப் போகும். அதனால் அடிக்கடி நிமோனியா வரும். அந்த நாலு தடவையும் யாராவது ஸ்டெதாஸ்கோப்பைக் கொஞ்ச நேரம் கூடுதலாக வைத்துக் கேட்டிருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். என் திரையில் அந்தக் குழந்தைக்கு இருந்தது ஒரே க்ளெய்ம். அரூரில் கட்டியது ரொக்கம்.

ரொக்கம் இப்படித்தான் கணக்கையே மாற்றிவிடுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். அங்கே கைக்காசு கட்டி வைத்தியம் பார்த்தால் இங்கே தடம் இருக்காது. ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இதயக் கோளாறே இல்லை என்று யாராவது கட்டுரை எழுதினாலும் ஆச்சரியமில்லை. ஆஸ்துமாவும் அப்படித்தான். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்து ஓடியாடுகிற பையன் இந்தத் தரவில் வரவே மாட்டான். மூச்சு முட்டிப் படுத்தால்தான் வருவான்.

அதனால் என் யோசனை இது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். இதயக் கோளாறு இருக்கலாம் என்று அவர்கள் எழுதி அனுப்பிய பட்டியலையும் க்ளெய்ம் பட்டியலையும் இணைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் பிள்ளை எத்தனை நாள் காத்திருந்தது? முதல் பட்டியலோடு நின்றுபோனவர்கள் எந்த ஊர்? அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் காரணம் தெரியும்: பஸ்ஸா, கூலியா, வருமானச் சான்றா, பயமா?

வெளியிடும்போது பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பார்கள். போதாது. அஞ்செட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர், மூன்று வயது, இதய ஆபரேஷன் என்று போட்டால் பெயர் எதற்கு? ஊரே சொல்லிவிடும். ஊர் விவரம் ஆய்வு செய்பவரோடு நிற்கட்டும். வெளியே தாலுகா அளவு போதும்.

முதலில் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுக்கும் செய்து பார்க்கட்டும். தேவைப்பட்டால் நானும் வருகிறேன். எந்தக் கட்டத்தில் எதை ஏன் தட்டினோம் என்பது இன்னும் ஞாபகம் இருக்கிறது.