ஆண்டவருக்கு என்ன அவசரம்?

கடந்த ஞாயிறு ஆராதனையில் சிறப்புச் செய்தி அளித்தவர் பேசிய காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பது, நான்கு நாள்களாக எனக்கு வரும் அழைப்புகளிலிருந்து தெரிகிறது. உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்னும் பரிணாமத்தையும், பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்பதையும் அவர் சாடினார்; அவர் பேசியதை முழுவதும் மறுபடியும் இங்கே எழுதப் போவதில்லை. “குரங்கிலிருந்து வந்தேன் என்று சொல்லுகிறவர்களிடமா உங்கள் பிள்ளைகளை ஒப்புக்கொடுக்கிறீர்கள்?” என்று அவர் கேட்டபோது பெண்கள் பக்கம் மூன்றாம் வரிசையை நோக்கித் திரும்பிய தலைகள் மட்டும் காணொளியில் பதிவாகவில்லை. அவர் யார் பெயரையும் சொல்லவில்லை என்பது உண்மைதான். எங்கள் சபையில் உயிரியல் ஆசிரியை என்று ஒருத்திதான் இருக்கிறாள் என்பதும் உண்மைதான்.

நான் செய்த குற்றம் இது. சபையின் ஓய்வுநாள் பள்ளியில் நான் பிள்ளைகளுக்கு வேதம் கற்பிக்கும்போது, ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், “டைனோசரை ஆண்டவர் எத்தனாவது நாள் படைச்சாரு டீச்சர்?” என்று கேட்டான். படைப்பைச் சொல்லும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் நாள்காட்டி அல்ல, சூரியனே நான்காம் நாள்தான் உண்டாகிறது என்றால் அதற்கு முந்தைய மூன்று நாள்களின் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படிப்பட்டவை என்று நீங்களே யோசித்துப் பாருங்கள் என்று சொன்னேன். படைத்தவர் யார் என்பதை அந்த அதிகாரம் சொல்கிறது, எப்படிப் படைத்தார் என்பதைப் பூமியைப் படித்துத்தான் அறிய வேண்டும் என்றும் சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

இது நான் கண்டுபிடித்த நூதன உபதேசமும் அல்ல. சூரியன் இல்லாத நாள்களைப் பற்றிய இதே கேள்வியை மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆதித்திருச்சபையின் வேத அறிஞர் ஓரிகன் கேட்டுவிட்டார். ஆதியாகமத்துக்கு விரிவாக உரை எழுதிய திருச்சபைப் பிதா அகஸ்டின், வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசிகள் நன்றாக அறிந்த செய்திகளில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் அபத்தமாகப் பேசினால், அவர்கள் அவனை நகைப்பதோடு நில்லாமல் வேதத்தையும் நம்ப மாட்டார்கள் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எச்சரித்தார். டார்வின் பிறப்பதற்கு ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன்பு. என்னைப் போல அவர்களையும் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து நீக்கிவிடலாமா?

பூமிக்கு வயது 6000 ஆண்டுகள் என்று வேதத்தில் எந்த வசனமும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வம்ச வரலாறுகளையும் அரசர்களின் காலங்களையும் கூட்டிப் பார்த்து, படைப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்றார். அந்தக் கணக்கு பிற்காலத்தில் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சிடப்பட்டதால், ஓரத்தில் இருந்ததும் வசனம் போலவே ஆகிவிட்டது. ஒரு மனிதரின் கூட்டல் கணக்கை மறுப்பதும் தேவனை மறுப்பதும் ஒன்றல்ல.

பூமி மிகப் பழையது என்பதை நான் முதலில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். காலை ஐந்து மணிக்குக் குடும்ப ஜெபம் முடிக்காமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது ஒருநாள், சாப்பாட்டுப் பையில் துண்டால் சுற்றி, நத்தை போலச் சுருண்ட ஒரு கல்லைக் கொண்டுவந்தார். என் இரண்டு உள்ளங்கைகளும் நிறையும் அளவு. சுருளின் குறுக்கே விலா எலும்புகளைப் போல வரிசையாக மேடுகள், அவற்றின் இடுக்கில் வெள்ளை மண். அது அழிந்துபோன ஒரு கடல் உயிரினத்தின் புதைபடிவம்; அம்மோனைட் என்ற பெயர் எங்கள் இருவருக்கும் தெரியாது. “இது கடல்ல இருந்ததும்மா. நம்ம ஊரு ஒரு காலத்துல கடல்” என்றார். நோவா காலத்து வெள்ளமா என்று கேட்டேன். அப்பா சிரித்தார். “ஒரே வெள்ளத்துல வந்ததா இருந்தா ஒரே சேறா இருக்கும். இது அடுக்கடுக்கா இருக்கு பாப்பா, ஒவ்வொரு அடுக்குலயும் வேற வேற சிப்பி. ஆண்டவருக்கு என்ன அவசரம்?”

அந்தக் கல்லுக்கு ஏறத்தாழ பத்துக் கோடி வயது என்பதைக் கல்லூரியில்தான் அறிந்தேன். என் விசுவாசம் அன்று குலையவில்லை. “நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?” என்று கர்த்தர் யோபுவிடம் கேட்ட கேள்வி, அந்தக் கல்லைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பரிணாமம் வெறும் கோட்பாடுதானே என்று பின்னூட்டம் இடக் காத்திருப்பவர்களுக்கு: நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் கோட்பாடுதான், கையைக் கழுவாமல் இருந்துவிடாதீர்கள். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று அறிவியல் சொல்லவும் இல்லை. இன்றைய குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்றுதான் சொல்கிறது. இதைப் பத்தொன்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். கர்த்தர் நம்மைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கினார் என்று வாசிக்கும்போது வராத அவமானம், உயிருள்ள ஒன்றின் வழியாக உருவாக்கினார் என்றால் மட்டும் ஏன் வருகிறது?

அப்படியானால் ஆதாம், பாவம், ஆதாமாலே பாவம் உலகத்தில் வந்தது என்னும் ரோமர் ஐந்தாம் அதிகாரம் எல்லாம் என்னவாகும் என்று ஒரு சகோதரர் தனிச்செய்தியில் கேட்டார். நல்ல கேள்வி, கடினமான கேள்வி. என்னிடம் முழுமையான விடை இல்லை. ஆனால் விடை தெரியாத கேள்வியோடு ஜெபிக்கத் தெரிந்தவர்களுக்கும் சபையில் இடம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பெருவெடிப்பு நாத்திகர்களின் கற்பனை என்று சிறப்புச் செய்தியாளர் முழங்கியபோது “ஆமென்” சொன்னவர்களுக்கு ஒரு சிறு தகவல். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இல் எழுதியவரும், அது ஒரு தொடக்க அணுவிலிருந்து வந்தது என்று 1931-இல் முன்வைத்தவரும் ஜார்ஜ் லெமைத்ர் என்ற பெல்ஜியப் பாதிரியார். ‘பெருவெடிப்பு’ என்ற பெயரையே, அக்கருத்தை ஏற்காத வானியலாளர் ஃபிரெட் ஹாய்ல்தான் 1949-இல் வானொலியில் சூட்டினார். பிறகு 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், அறிவியல் படைப்புக்குச் சாட்சி சொல்கிறது என்று மகிழ்ந்து பேசியபோது சங்கடப்பட்டவர் அதே லெமைத்ர்தான். தம் சமன்பாடுகளை விசுவாசத்துக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்துவதை அவர் விரும்பவில்லை. அறிவியல் இன்று கண்டதை வேதம் அன்றே சொன்னது என்று தினமும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற என் அன்பு உறவினர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை வாசித்தால் நல்லது.

நான் அவிசுவாசி என்றால், தொற்றுக் காலத்தில் சபை பூட்டிக் கிடந்தபோது அறுபது பிள்ளைகளுக்குக் கைபேசியில் வசனப் பாடம் நடத்தியது யார்? கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டிடையர்களின் அங்கி தைக்க என் வீட்டுத் தையல் இயந்திரம் மட்டும் பரிசுத்தமாக இருந்ததா? இதையெல்லாம் சொல்லிக்காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். திங்கட்கிழமை மாலை ஒருவர் வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு, “கொஞ்ச நாள் ஓய்வு எடுங்க டீச்சர், பெற்றோர் சிலர் சங்கடப்படுறாங்க” என்றார். எந்தப் பெற்றோர் என்று கேட்டேன், சொல்லவில்லை. கேள்வி கேட்ட பையனின் அம்மாவா என்று கேட்டேன். அதற்கும் தரையைப் பார்த்தார். அந்த அம்மா செவ்வாய்க்கிழமை என்னை அழைத்து, மகன் இன்னமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான், யாரிடம் அனுப்புவது என்று கேட்டார்.

பொறுப்பாளர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஓய்வுநாள் பள்ளிப் பீரோவின் சாவியைத் திங்கட்கிழமை வந்தவரிடமே கொடுத்துவிட்டேன். வருகைப் பதிவேடு, வண்ணச் சுண்ணக்கட்டிகள், அங்கிகள் எல்லாம் சபையுடையவை. இரண்டாம் தட்டில், துண்டில் சுற்றி வைத்திருக்கும் கல் மட்டும் என் அப்பாவுடையது. அதைக் கேள்வி கேட்ட அந்தப் பையனிடம் கொடுத்தனுப்புங்கள்.