விருதுக்குக் கைதட்டியவர்களுக்கு

ஓர் ஆலைக்குப் பசுமை விருது கொடுத்துக் கைதட்டியதைக் கேள்வி கேட்டு எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதில்களைப் படித்தேன். ‘நல்லது செய்ய முயல்கிறவர்களையும் கரித்துக் கொட்டுகிறீர்களே’ என்கிறார் ஒருவர். ‘சட்டம் எதற்கு, மக்கள் விழிப்படைந்தால் போதும்’ என்கிறார் இன்னொருவர். விழிப்படைந்த மக்கள் என்ன செய்வார்கள் ஐயா? அட்டைப்பெட்டியில் அச்சிட்ட இலையைத் தடவிப் பார்த்துக் கார்பன் கணக்குப் போடுவார்களா?

நான் சொன்னது ஒன்றுதான். பொய்க்கு அபராதம் உண்டு என்றால்தான், சூழலைக் காப்பதாகப் பொய்யாகப் பெருமையடிக்கும் இந்தப் பசுமைப் பூச்சு வேலை குறையும். விருதால் குறையாது.

கனடாவில் 2024 ஜூனில் வணிகப் போட்டிச் சட்டத்தைத் திருத்தி, நிறுவனங்கள் சூழல் பெருமை பேசினால் ஆதாரம் வேண்டும் என்றார்கள். மணலில் கலந்த எண்ணெயைப் பிரித்தெடுக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பான பாத்வேஸ் அலையன்ஸ் தன் இணையதளத்தையே துடைத்து வைத்துவிட்டது. சட்டத்தில் தெளிவில்லையாம். ஆதாரம் கையில் இருந்தால் நீட்டியிருக்கலாமே?

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஆண்டறிக்கையின் சூழல் பக்கங்களுக்குப் பிழை திருத்தியிருக்கிறேன். ‘இயற்கையோடு இணைந்து’ என்று தொடங்கி, இளஞ்செடியை ஏந்திய இரு கைகளின் படத்தோடு முடியும். வெளியார் தணிக்கை கட்டாயம் என்று விதி வந்ததும் வரைவு சட்டப் பிரிவுக்குப் போனது. திரும்பி வந்தபோது ஓரமெங்கும் சிவப்பு மை. ‘எந்த ஆண்டோடு ஒப்பிட்டு?’ ‘எந்த ஆலை?’ ‘அளந்தது யார்?’ ஒரு பக்கம் முழுக்க இருந்தது இரண்டு வரியாகச் சுருங்கியது. செடி மட்டும் தப்பியது; அதனிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

‘விதி இருந்தும் ஜெர்மன் கார் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் ஏமாற்றவில்லையா?’ என்றும் ஒரு கேள்வி. ஏமாற்றியது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையை அடக்கும் மென்பொருள், உலகெங்கும் சுமார் 1.1 கோடி கார்களில். ஆனால் 2015இல் மாட்டியது எப்படி? சட்டத்தில் ஒரு வரம்பு இருந்தது, வண்டியைச் சாலையில் ஓட்டி அளக்க ஆள் இருந்தது. வரம்பே இல்லையென்றால் அதற்கும் ஒரு விருது கொடுத்திருப்பீர்கள்.

சிறு நிறுவனங்கள் சான்றிதழ்ச் செலவில் நொடித்துப்போகும் என்பதில் நியாயம் இருக்கிறது. சலுகை கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தக் கவலையைப் பெருநிறுவன மேலாளர்கள் கண்கலங்கிச் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கடைசியில் எனக்கு ‘வளர்ச்சியின் எதிரி’ என்று பட்டம். கணக்குக் கேட்டால் எதிரி, கணக்குக் காட்டாமல் மேடையேறினால் முன்மாதிரி. நல்ல நியாயம்! முகம் தெரியாதவர்கள் திட்டியதைத் துடைத்துப் போட்டுவிட்டேன். பல வருடம் பழகியவர்களும் அதற்கு விருப்பக்குறி இட்டிருப்பதுதான் உறுத்துகிறது. அவர்களிடம் மட்டும் கேட்கிறேன். விருதுக்குழு அந்த ஆலையின் கழிவுநீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கியதா? வாங்கியிருந்தால் இங்கேயே பதிவிடுங்கள். இந்தப் பதிவை நானே நீக்கிவிடுகிறேன்.