டெலிவரி எண்ணைச் சொன்னால் பணம் போகாது

'மளிகை டெலிவரி ஆளிடம் ஓடிபி சொன்னால் வங்கிக் கணக்கு காலி' என்று காட்பாடி, சத்துவாச்சாரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. இது தவறு. ஆப்பின் ஆர்டர் பக்கத்தில் தெரியும் எண், பை உங்கள் கைக்கு வந்ததைப் பதிய மட்டுமே. பையை வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். சொல்ல மறுத்தால் அவரால் ஆர்டரை முடிக்க முடியாது. வாசலிலேயே நிற்பார், அடுத்த ஆர்டரும் தாமதமாகும். வேலூர் வெயிலில் இது பெரிய கொடுமை.

வங்கி ஓடிபி வேறு. வங்கியின் பெயரோடு, பெரும்பாலும் தொகையோடு எஸ்எம்எஸ்ஸில் வரும். அதை யாரிடமும் சொல்லாதீர்கள். 'ரீஃபண்டுக்கு யுபிஐ பின் போடுங்க' என்றால் மோசடி. பணம் பெற பின் தேவையில்லை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.