வாடகை மட்டுமே கார் செலவு ஆகாது

"இரண்டு பேர் போனாலே ரயிலைவிட நாமே ஓட்டும் வாடகைக் கார்தான் மலிவு, ஒரு நாள் வாடகையை இரண்டால் வகுத்துப் பாருங்கள்" என்று ஒரு கணக்கு சொல்லப்படுகிறது. பலரும் அதையே திருப்பிச் சொல்வதால் எழுதுகிறேன். அதில் இருப்பது வாடகை மட்டும். பெட்ரோல், சுங்கம், பார்க்கிங் மூன்றும் பொதுவாகத் தனி.

நீங்களே சரிபார்க்கலாம். 150 கிலோமீட்டர் தள்ளியுள்ள இடத்துக்குப் போய்த் திரும்ப 300. லிட்டருக்கு 15 கொடுக்கும் காருக்கு 20 லிட்டர் வேண்டும். அன்றைய விலையால் பெருக்குங்கள். போகும் வழியின் சுங்கத்தையும் அங்குள்ள பார்க்கிங் கட்டணத்தையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், முன்பதிவின் கடைசிப் பக்கம் வரை போய் நிபந்தனைகளைத் திறந்து பாருங்கள். கிலோமீட்டர் வரம்பு உண்டா? காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய வாடகை நிறுவனக் கிளை எத்தனை மணிக்கு மூடுகிறது? இந்த இரண்டாவது கேள்வியைப் பலர் கவனிப்பதே இல்லை. இரவு நீங்கள் திரும்பும்போது கிளை மூடியிருந்து, சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் வசதியும் இல்லையென்றால், மறுநாள்தான் காரை ஒப்படைக்க முடியும். 24 மணி நேரம் தாண்டினால் இரண்டாம் நாள் வாடகையும் சேரலாம்.

நான்கு பேர் சேர்ந்து போனால் கார் மலிவாகவே வரலாம், அதை மறுக்கவில்லை. இரண்டு பேர் என்றால், இந்த மொத்தத்தை இருவரின் ரயில் கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.